இறங்குகிற ஆள்

பஸ்ஸின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "எடு, எடு! ஐஞ்சு நாப்பத்தேழு. உன்ர நேரம் முடிஞ்சுது." தூரத்தில் ஒருவர் பையோடு ஓடி வருவதைச் சாரதி கையால் காட்டுகிறார். "அவர் நாளைக்கு வெள்ளன எழும்பட்டும்" என்கிறார் சங்கிலி அண்ணை. சொல்லிவிட்டு, ஓடி வந்தவர் ஏறும்வரை பேனையின் மூடியைத் தேடுகிறார். பிறகு மட்டையில் ஐந்து நாற்பத்தைந்து என்று எழுதுகிறார்.

வவுனியா தனியார் பஸ் நிலையத்தில் காலையில் நேரம் குறிப்பவர் அவர். வயது நாற்பத்தைந்து. மடிப்புக் கலையாத சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வெறுந்தேநீரைச் சீனி போடாமல் வாங்கி, சீனியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொள்வார். கேட்காமலே வைத்தியம் சொல்லும் பழக்கமும் உண்டு. பஸ் ஒன்று உள்ளே திரும்பும்போதே, "உவன்ர கிளச் இந்தக் கிழமை தாங்காது" என்பார். சாரதிகள் சிரிப்பார்கள். கிழமை முடிவதற்குள் அந்த பஸ் கராஜில் நிற்கும்.

ஆனால் பஸ்ஸில் ஏறமாட்டார். வேலை முடிந்ததும் நெளுக்குளத்து வீட்டுக்குச் சைக்கிள்தான். முன் இருக்கை காலியாகக் கிடக்க, "வாங்கோ அண்ணை, இறக்கி விடுறன்" என்று எத்தனை பேர் கூப்பிட்டாலும் தலையாட்டி விடுவார். ஒருநாள் நான் ஏனென்று கேட்டேன். "முன்னுக்கு இருந்தா கால் சும்மா கிடவாது ரீச்சர். பிரேக் இல்லாத இடத்தில மிதிச்சு மிதிச்சு இடுப்பு நாரி நோகுது" என்றார்.

போன வருடம்வரை எங்கள் மல்லாவி பஸ்ஸை ஓட்டியவர் இவர்தான். வவுனியாவிலிருந்து மல்லாவிப் பக்கப் பாடசாலைகளுக்குப் போகிற ஆசிரியர்கள் நாங்கள் பதினெட்டுப் பேர் அதில்தான் போனோம். பஸ்ஸில் இவரும் அஜந்தனும் என இரண்டு பேர், இரண்டு பேரிடமும் கனரக வாகன லைசன்ஸ். ஒருவர் ஓட்ட, மற்றவர் டிக்கெட் கிழிப்பார். மறு பயணத்தில் மாறிக்கொள்வார்கள். அஜந்தன் என்பது அந்தப் பெடியனின் உண்மைப் பெயர் அல்ல. "உங்களைப் பற்றி எழுதட்டுமா அண்ணை?" என்று கேட்டபோது இவர் சொன்னது ஒன்றுதான்: "எழுதுங்கோ. அவன்ர பேரை மட்டும் மாத்துங்கோ."

எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம் இவருடையது. தகப்பனுக்குக் காடு வெட்டிக் கொத்துகிற மண்வெட்டி, மகனுக்கு ஸ்டியரிங். போர் முடிந்து ஏ9 வீதி போட்ட காலத்தில் தெற்கத்தை ஆட்களோடு டிப்பர் ஓடி, வாய் நிறையச் சிங்களம் பழகிக்கொண்டார். அந்தச் சிங்களம்தான் இவருக்கு வினையாய் முடிந்தது.

வீதியில் பொலிஸ் கையைக் காட்டினால் பஸ்ஸின் பத்திரங்களோடு ஓர் ஆள் இறங்கிப் போகவேண்டும். சிங்களத்தில் கதைக்கத் தெரிந்த ஆள் சங்கிலி. ஆகவே யார் ஓட்டினாலும் இறங்குவது சங்கிலி. ஃபைலைக் கக்கத்தில் செருகி, "மாத்தயா" என்று மரியாதையாய் ஆரம்பித்து, ஊர் விசாரித்து, மழை விசாரித்து, பாதி நாள் வெறும் எச்சரிக்கையோடு திரும்பி வந்துவிடுவார். மீதி நாள் எழுதிவிடுவார்கள். எழுதுவது யாருடைய பெயரை? முன்னால் நின்று லைசன்ஸை நீட்டுகிறவருடைய பெயரைத்தான். மிதிபலகையில் ஆட்கள் தொங்கியது, முதலாளி மாற்றாமல் வைத்திருந்த வழுக்கல் டயர், அஜந்தன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்தியது என்று எல்லாம் இவர் கணக்கில் ஏறின.

நீதிமன்றத்திலும் சுருக்கமான வழிதான். முதல் தவணையிலேயே ஓம், குற்றவாளி. "வாதாடினா மூண்டு நாலு தவணை இழுக்கும், பஸ் நிண்டு போகும். ஓம் எண்டால் மத்தியானப் பயணத்துக்கு வந்திடலாம். தண்டம் முதலாளி கட்டுவார். பேர் மட்டும்தானே என்ர? பேர் என்ன தேயவா போகுது?" என்பார். நாங்களும் கெட்டிக்கார மனுசன் என்று சிரித்தோம்.

இவருக்கு ஓர் ஆசை இருந்தது. அரச பஸ் டிப்போவில் சாரதியாகிவிட வேண்டும். மாதச் சம்பளம், நிரந்தரம், கட்டாய ஓய்வு நாள். வீட்டில் மனைவி மீனம்மா அக்காவுக்கு நீரிழிவு, மகள் சுகந்தினி உயர்தரம் படிக்கிறாள். போன வருடம் விண்ணப்பம் கோரியபோது வயதெல்லைக்கு இவருக்கு எட்டு மாதம்தான் மிச்சம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான். அஜந்தனுக்கும் நான்தான் நிரப்பினேன். இவர் நேர்முகத்தில் தேறினார், ஓட்டிக் காட்டும் பரீட்சையிலும் தேறினார். லைசன்ஸின் மூலப்பிரதியைக் கொண்டுபோய்க் காட்டுவது ஒன்றே பாக்கி.

அந்தக் கிழமைதான் அது நடந்தது. ஓமந்தையில் ஒரு டயருக்குக் காற்றுப் போய், நாங்கள் இருபது நிமிடம் பிந்தியிருந்தோம். பாடசாலையில் ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பது எங்களுக்கு உயிர் போகிற விசயம். "கெதியாய் விடு தம்பி, கெதியாய் விடு" என்று முழு பஸ்ஸும் அஜந்தனை நெருக்கியது. வழியில் ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால், வீதி கடக்கிற மஞ்சள் கடவையில் ஒரு பிள்ளை கால் வைத்திருந்தது. பிரேக் பிடித்தும் பஸ் கடவையைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. பிள்ளை பின்னால் துள்ளி விழுந்ததில் முழங்கால் உரசல், வேறொன்றுமில்லை. கடவையில் நின்ற பொலிஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

அஜந்தன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி இருந்தான். டிக்கெட் புத்தகத்தோடு நின்ற சங்கிலி அண்ணை ஒருதரம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, நீங்களே இறங்குங்கோ. கெதியாய் முடிச்சிட்டு வாங்கோ" என்று ஒரு குரல் சொன்னது. அது என்னுடைய குரல். விண்ணப்பத்தை நிரப்பிய அதே ஆளின் குரல். அஜந்தன் எழும்ப வெளிக்கிட்டபோது இவர் அவனுடைய தோளை அமத்தி இருத்திவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அன்று நான் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு நிமிடம் முந்திக் கையெழுத்து வைத்தேன். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

வழக்கில் நடந்ததை இவர் வாயாலேயே கேளுங்கள். "வழமைபோல ஓம் எண்டு சொன்னன் ரீச்சர். நீதவான், முன்குற்றம் இருக்கோ எண்டு கேட்டார். வாசிச்சினம். ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஆரோ ஒரு காவாலியைப் பற்றி வாசிக்கினம் எண்டுதான் நிண்டனான். பதினொண்டு. ‘உம்மை நம்பியே பிள்ளையள் றோட்டுக்கு வாறது?’ எண்டு கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? பதினொண்டும் நான் ஓமெண்டு சொன்னதுதானே." லைசன்ஸ் பதினெட்டு மாதத்துக்கு நிறுத்தம். வயதெல்லை அதற்கு முன்னரே கடந்துபோகும். முதலாளி வழமைபோலத் தண்டத்தைக் கட்டினார். வேறு எந்த முதலாளியும் அந்தப் பட்டியலோடு இவரைக் கூப்பிடவில்லை.

மீனம்மா அக்காவைப் பார்க்க நெளுக்குளம் போனேன். எனக்குத் தேநீர் தந்துவிட்டுக் குசினி வாசலில் நின்றா. "பதினொரு தரமும் வீட்டை வந்து ஒரு சொல் சொல்லேல்லை. தண்டத்தோட போச்சாம், முடிஞ்சுதாம். நீங்கள் படிச்ச ஆக்கள் அவ்வளவு பேர் அந்த பஸ்ஸில இருந்தனீங்கள். ஒருத்தருக்கும் தெரியாதே?" எங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்குப் போய் ஓட்டியது இவர் அல்ல என்று சொல்லவில்லை. சொன்னால் அஜந்தன் உள்ளே போவான், பொய் சொன்னதற்கு இவரும் உள்ளே போவார். அதற்குமேல் எங்களுக்கு லீவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கையில் அஜந்தன் இறங்கி இவரிடம் வந்தான். கையில் ஒரு நீளக் கடித உறை. நான் யன்னலோரம் இருந்தேன். "அண்ணை, போன வருசம் போட்டதுக்கு இப்பத்தான் டிப்போவில இருந்து வந்திருக்கு. எனக்கு." உறையை நீட்டினான். "நான் போகமாட்டன் அண்ணை. மனம் கேக்குதில்லை" என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

சங்கிலி அண்ணை கடிதத்தை வாங்கி, உதடு அசைய முழுவதையும் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"விசர்க்கதை கதையாதை. மூலப்பிரதி கேட்டிருக்கினம். எங்க, லைசன்ஸை எடு பாப்பம்."

அஜந்தன் பேர்சிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். ஏழு வருடம் வன்னி வீதிகளில் ஓடியவனின் லைசன்ஸ், ஒரு வழக்கும் ஏறாதது. சங்கிலி அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்து முன்புறம் பார்த்தார். திருப்பிப் பின்புறம் பார்த்தார். ஒரு மூலையில் கிறீஸ் விரல் பட்ட கறுப்பு இருந்தது. தன் சட்டையின் முனையை இழுத்து, வாயால் ஊதி ஊதி, அந்தக் கறுப்பு போகும்வரை துடைத்தார்.