18.4: உத்திரமேரூரிலிருந்து கடலுக்குச் சைக்கிளில்

வெள்ளைச் சாக்பீஸா, சிவப்பு மெழுகுக்குச்சியா என்ற கேள்வி எங்கள் முன் எழுந்தது, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, உத்திரமேரூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஹார்டுவேர் கடையில். இரு தரப்பு வாதங்களும் முழுமையாகக் கேட்கப்பட்டன. சாக்பீஸ் மலிவு, ஆனால் வெள்ளையடித்த சுவரில் தெரியாது. மெழுகுக்குச்சி என்பது மரவாடிகளில் கட்டை மேல் எண் போடுகிற சமாச்சாரம். விலை பதினைந்து ரூபாய். மழைக்கும் அழியாது என்று கடைக்காரர் உறுதி சொன்னார். பதினோரு நிமிட ஆலோசனைக்குப் பிறகு சிவப்பு என்று தீர்மானித்தோம். இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் விளைவை உண்டாக்கியது இது ஒன்றுதான்.

எங்கள் ஊரிலிருந்து கடல் அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஐம்பத்திரண்டு வயதுவரை அந்தத் தூரத்தைப் பேருந்தில் தூங்கியே கடந்திருக்கிறேன். நிதானமாகச் சைக்கிளில் போய், ஓர் இரவு சதுரங்கப்பட்டினத்தில் தங்கி, மறுநாள் திரும்புவது என்று திட்டம். துணைக்கு என் நண்பர் பாஸ்கரன். மருந்துக் கடை வைத்திருப்பவர். மின்கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால், அது எழுந்து போகும்வரை இவர் கிளம்ப மாட்டார். சைக்கிளில் ஏறியதும் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவது அவர் கொள்கை. ஆகவே முன்னால் போகும் நான், திருப்பங்களில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் என் சைக்கிள் மீட்டர் காட்டும் தூரத்தை எழுதிவிட்டுப் போக வேண்டும். மெழுகுக்குச்சி இதற்காகத்தான்.

சுவரில் எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுவரில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பக்கத்தில் சுவரில் இருப்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்பு போடும்போது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை 5.50க்குக் கிளம்பினோம். ஏரிக்கரைச் சாலைகளில் பனி இறங்கியிருந்தது. எதிரே டவுன் பஸ்ஸின் விளக்கு முதலில் வந்தது, பஸ் பிறகு வந்தது. சாலவாக்கத்தில் 7.10க்கு டீ. அதைத் தாண்டி ஒரு முச்சந்தியில், 7.45க்கு, நாஷ்டா. ஊர்ப் பெயரை எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

முச்சந்தியின் இடது முனையில் தேவகியம்மாளின் இட்லிக் கடை. முன்னால் தகரத் தாழ்வாரம், சிமென்ட் மேடை, இரண்டு பெஞ்சு. பதினோரு ஆண்டுகளாக நடக்கிறது. கணவர் ஏழுமலை கொத்து வேலைக்குப் போகிறவர். குடும்பம் நிற்பது கடையை நம்பித்தான் என்று அவரே சொன்னார். நான்கு இட்லி, ஒரு வடை, முப்பது ரூபாய். வடைகறி தனி. அது தீர்ந்துவிட்டது என்று தெரிந்தபோது எனக்கு உண்டான வருத்தத்தை அப்போது பெரிதாக நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்து எழுந்தபோது தேவகியம்மாள் பாத்திரம் கழுவக் கொல்லைப்புறம் போயிருந்தார். ஏழுமலை வேலைக்குக் கிளம்பிவிட்டார், கூட்டம் கலைந்திருந்தது. எதிரே பஞ்சர் கடை இன்னும் திறக்கவில்லை. கடையின் பக்கச் சுவர், வருகிறவர் கண்ணில் நேராகப் படும்படி, வெள்ளையாக நின்றது. இடது பக்கம் காட்டி ஓர் அம்பு போட்டு, கீழே 18.4 என்று எழுதிவிட்டு நடையைக் கட்டினேன். அரை மணி நேரம் கழித்து வந்த பாஸ்கரன் அம்பைப் பார்த்து, யாரோடும் பேசாமல், சரியாகத் திரும்பினார். ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது.

செங்கல்பட்டு 10.20. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் எதிர்காற்று. கடல் கண்ணில் படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதன் காற்று வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். ஒரு மாடு என்னைக் கடந்து போனது, அவசரம் எதுவும் இல்லாமல். சவுக்குத் தோப்புகள், பக்கிங்காம் கால்வாய், பிறகு பிற்பகல் 2.20க்கு, சதுரங்கப்பட்டினத்தில், கடல். டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை அங்கே இடிந்து நிற்கிறது. ஒரு கட்டடம் இடிந்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பாஸ்கரனிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கேருந்து வரீங்க?"

"உத்திரமேரூர்."

"பஸ்ஸு இல்லியா?"

"இருக்கு. சும்மா, கடல் பார்க்க."

அவர் கடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதில் தான் இதுவரை கவனிக்காத ஏதாவது இருக்கிறதா என்று பார்த்ததுபோல இருந்தது.

தங்கிய அறை எழுநூறு ரூபாய், மீன் குழம்புச் சாப்பாடு நூற்றிருபது. ஞாயிறு காலை கரையோரக் கிராமப் பாதைகளில் ஒன்பது கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். வலப்பக்கம் படகுகள், இடப்பக்கம் காயும் நெத்திலி, நடுவில் மணலில் புதையும் சக்கரம். இந்தப் பயணத்திலேயே நல்ல பகுதி இதுதான். 10.30க்கு ஊர் நோக்கிக் கிளம்பினோம், காற்று இப்போது முதுகில்.

வழியில் சில சிறு மாற்றங்கள் தெரிந்தன. செங்கல்பட்டுக்கு முன்னால் ஒரு வீட்டுச் சுவரில் என் அம்பின் மேல் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சிவப்பு அதையும் மீறித் தெரிந்தது. கடைக்காரர் சொன்னது உண்மைதான் என்று பாஸ்கரன் மகிழ்ந்தார். இன்னொரு சுவரில் நான் எழுதிய 33.6இல் முதல் 3ஐ யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். விளையாட்டுப் பிள்ளைகள் என்று பேசிக்கொண்டோம்.

மாலை 4.40க்கு முச்சந்தி வந்தது. இட்லிக் கடை வரவில்லை.

வழி தவறிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். மீட்டரைப் பார்த்தேன், பஞ்சர் கடையைப் பார்த்தேன். எதிரே பின்சுவர் ஒன்று மட்டும் நின்றது. அதில் மாட்டிய சாமி படமும் காலண்டரும் அப்படியே வெளியுலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தகரங்கள் ஒருபக்கம் அடுக்கியிருந்தன, செங்கற்கள் ஒருபக்கம். பெஞ்சின் மேல் கிரைண்டர், அதன் மேல் துணி போர்த்தியிருந்தது. வேப்ப மரத்தில் ஒரு சுவர்த் துண்டு, காரை உதிராமல், பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் என் அம்பு. சாய்த்து வைத்ததில் இப்போது அது வானத்தைக் காட்டியது.

சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்துவிட்டேன். அது விழுந்த சத்தத்தில்தான் ஏழுமலை திரும்பினார்.

"வாங்க சார். நாஷ்டா இல்லியே சார் இன்னிக்கி," என்றார்.

"என்ன ஆச்சு?"

எதிர்க் கடையிலிருந்து பஞ்சர் ஒட்டும் முனுசாமி பதில் சொன்னார். "ரோடு அகலம் பண்றாங்க சார். நேத்து ஆளுங்க வந்து மார்க் போட்டுட்டுப் பூட்டாங்க. பதினெட்டு பாயிண்ட் நாலு அடி. அம்பு அவங்க பக்கம் காட்டுச்சு. எங்க பக்கம் ஒண்ணும் இல்ல." கடைசி வாக்கியத்தில் ஓர் அடக்கமான நிம்மதி இருந்தது.

"போன வாட்டி கல்வெட்டு கட்ட வந்தப்ப, சொல்லாம கொள்ளாம புல்டோசரு வுட்டாங்க சார்," என்றார் தேவகியம்மாள். கல்வெட்டு என்று இங்கே சொல்வது சாலைக்கடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தை. "அடுப்பு, கிரைண்டரு, அல்லாம் பூட்ச்சி. இந்த வாட்டி நாமளே எடுத்துக்கினா சாமானாவது மிஞ்சும்னு ராவெல்லாம் பிரிச்சிக்கினு இருந்தோம்."

"நடு ரோட்டுலேருந்து டேப்பு வெச்சி அளந்தேன் சார்," என்றார் ஏழுமலை. தொழில்காரரின் பெருமை அந்தக் களைப்பிலும் குரலில் இருந்தது. "பாயிண்ட் நாலுன்னா அஞ்சு இஞ்ச்சு வருது. அதுக்கோசரம் செங்கல்ல மிஷின்ல அறுத்தேன். நாளைக்கி ஆபீசர் வந்து ஒரு கொறை சொல்லக் கூடாது பாருங்க." காட்டினார். இரு பக்கச் சுவர்களும் பின்சுவரை ஒட்டி நூல் பிடித்ததுபோல வெட்டப்பட்டிருந்தன. அவ்வளவு சுத்தமான வெட்டை நான் பார்த்ததில்லை. சுவர்த் துண்டை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அத்தாட்சிக்கு என்றார்.

சுரண்டப்பட்ட 3 என் நினைவுக்கு வந்தது. பாஸ்கரன் என்னைப் பார்க்கவில்லை. மரத்தில் பறவை தேடினார். பறவை இல்லை.

"அது நான் எழுதினது," என்றேன்.

ஏழுமலை முதலில் எழுந்து நின்றார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். "சார் ஹைவேஸா? நேத்தே சொல்லக் கூடாதா சார்? வடைகறி எடுத்து வெச்சிருப்பனே."

"இல்லை, இல்லை. அது அடி இல்லை. கிலோமீட்டர். உத்திரமேரூரிலிருந்து தூரம். இவருக்கு வழி காட்ட எழுதினேன்."

அவர் நம்பவில்லை. அதிகாரிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல ஒரு சிரிப்பு. "பார்த்துச் செய்யுங்க சார். பதினெட்ட எட்டாக்கிட்டா மேடையாவது தங்கும்," என்றார். பையிலிருந்து மெழுகுக்குச்சியை எடுத்துக் காட்டினேன். சைக்கிள் மீட்டரைக் காட்டினேன். பாஸ்கரன் தன் முகத்தைக் காட்டினார். அதில்தான் அவர்களுக்கு உறைத்தது.

முனுசாமி மெதுவாகச் சாலையைக் கடந்து வந்தார். "கிலோமீட்டருன்னா கி.மீ.ன்னு போட வேணாமா சார்? படிச்சவங்கதான?"

மெழுகுக்குச்சியைப் பைக்குள் திரும்பப் போட்டேன்.

தேவகியம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. பின்சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி, "அப்ப நாளைக்கி எங்க சார் இட்லி ஊத்தறது?" என்று கேட்டார். அது எனக்கான கேள்வியா என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பக் கட்டித் தருகிறோம் என்று நானும் பாஸ்கரனும் ஒரே சமயத்தில் சொன்னோம். ஏழுமலை ஒப்புக்கொண்டார். செங்கல் இருக்கிறது, தகரம் இருக்கிறது, சிமென்டும் மணலும் இன்னொரு கொத்தனாரும் போதும், ஒரு நாள் வேலை. நாளை காலையே வருகிறோம் என்றோம். தேவகியம்மாள் காலண்டரில் தேதியைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கி நவமி. நாளான்னிக்கி ஆரம்பிச்சிக்கலாம்." ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானும் சொன்னேன்.

இதே பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். போகும்போது காற்று எதிர்க்கும், ஆகவே திருக்கழுக்குன்றத்தைப் பதினொரு மணிக்குள் தாண்டிவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு மாற்று டியூப். கரையோர மணல் பாதைக்கு அகல டயர் நல்லது. வேகம் தேவையில்லை. கடல் சாயங்காலமும் அங்கேதான் இருக்கும். அடையாளம் போட்டே ஆக வேண்டுமென்றால் சாக்பீஸில் போடுங்கள், அலகையும் எழுதுங்கள். ஓர் எண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது, அதற்கு யார் என்ன அர்த்தம் கொடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. நான் போட்ட மற்ற பத்து அம்புகளையும் திங்கட்கிழமை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். நான்கைந்து இடங்களில் என்னிடம் மனு கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கொத்தனார், மணல், நான்கு மூட்டை சிமென்டுடன் முச்சந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்பே அங்கே சிமென்ட் வேலை நடந்திருந்தது, ஈரம் காயவில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு: தேவகியம்மாள் இட்லிக் கடை, உத்திரமேரூரிலிருந்து 18.4 கி.மீ. ஆறரை முதல் ஒன்பது மணிவரை. இப்போது சாலையின் வலது பக்கம், பஞ்சர் கடை ஓரமாகத் தள்ளுவண்டியில் நடக்கிறது. அடையாளம், எதிரே கடை இருந்த இடத்தில் மூன்று கட்சிக் கொடிக்கம்பங்கள்.