பத்தரைக்குள் வர வேண்டிய கார்

மகன் ஓட்டும் காரில் கியர் லேசாகக் கரகரத்தாலும் நான் குனிந்து அவன் காலடியைப் பார்ப்பேன். "சும்மா உக்காருங்கப்பா" என்பான். சும்மா உட்கார எனக்கு வராது. கரகரப்பை எண்ணும் பழக்கம் எட்டு வயதில் பிடித்தது.

என் கடைசி அத்தையைப் பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் கும்பகோணத்தில் ரயிலிறங்கினார்கள். மாப்பிள்ளை பஸ் பணிமனையில் இன்ஜினியர். அப்பா எங்கள் பழைய காரில் அழைத்துவரப் போனார், முன்சீட்டில் நான். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வீடு சேர வேண்டும். அத்தைக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் நிச்சயமானால் படிப்பு கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டிருந்தார்.

ஊரை விட்டுக் கிளம்பும்போதே முனகிய கியர், திரும்பும்போது அலறியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கியர் கம்பியை இழுப்பார். அது அவரைவிடப் பலமாகக் கடிக்கும். பதினேழு வரை எண்ணினேன்.

"ஏங்க, இது காரா, மாவு மில்லா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா பயந்துபோய் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தார். மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. கடைசியில் வாய்க்கால் மதகருகே நிறுத்தி, "கியர் பாக்ஸ் போச்சுங்க. பக்கத்துல மெக்கானிக் இருக்காரு, இதோ வந்துடறேன்" என்று நடந்தார். அந்த அம்மாள் பூவரச நிழலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

மாப்பிள்ளை ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பார்த்தார். குனிந்து, நாலாக மடித்த சணல் சாக்கு ஒன்றை வெளியே இழுத்தார்.

"தம்பி, இது அடியில கெடந்தா கிளட்ச் முழுசா அழுந்தாது. இன்ஜின் சுத்தறது கியருக்குப் போயிக்கிட்டே இருக்கும். சுத்தற பல்லுல இன்னொரு பல்லைத் திணிச்சா கத்தாம என்ன செய்யும்? யாரு வெச்சது?"

"அத்தை. காலைலதான் மடிச்சு வெச்சாங்க. நடவுச் சேறு ஒட்டாம இருக்க."

"அத்தைக்கு கார் ஓட்டத் தெரியுமா?"

"அப்பா ஊர்ல இல்லன்னா அவங்கதான். சத்தமே வராது." பெருமையில் வாய் நிற்கவில்லை. "டீச்சருக்குப் படிக்க எடம் கெடச்சிருக்கு. உங்களைக் கட்டிக்கிட்டா போக முடியாதாம். ஒரே அழுகை."

அவர் சாக்கைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மடிப்புக் கலையாமல் அதே இடத்தில் வைத்து, காலால் உள்ளே தள்ளினார். இறங்கிப் போய், "பாக்ஸ்தாம்மா போயிருக்கு" என்றார்.

மெக்கானிக் கிடைக்காமல் அப்பா வியர்த்துத் திரும்பியபோது ராகு காலம் பிறந்துவிட்டிருந்தது.

"இனிமே போயி என்னத்தப் பாக்கறது? சகுனமே சரியில்லங்க. ஸ்டேஷனுக்கே திருப்புங்க" என்றார் அந்த அம்மாள்.

அப்பா ரிவர்ஸ் போட்டார். வயலில் நின்ற கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. மாப்பிள்ளை மட்டும் எதுவும் காதில் விழாதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அத்தை படிக்கப் போனாள். அவளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

எனக்கோ அன்று ஸ்டேஷன் வரை ஒரே எரிச்சல். கோளாறு கையிலேயே கிடைத்தும் அதைத் தூர எறியத் தெரியாத மனிதரை எந்தப் புத்திசாலி இன்ஜினியர் வேலைக்கு எடுத்தான் என்று.