ரேக்கில் பதிந்த விரல்

தங்க ரேக்கு, அதாவது காகிதத்தை விட மெல்லிய தங்கத் தகடு, ஒட்டிய மரத்தின் மேல் பூவும் கொடியும் வரைகிறவனுக்கு முதல் எதிரி அடுத்தவன் விரல்தான். ஒரு விரல் பட்டால் போதும், அந்தப் பிசுக்கில் வண்ணம் ஒட்டாமல் விலகி ஓடிவிடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் பாளையங்கோட்டை டீச்சரின் போட்டோச் சட்டத்தில் நான் பட்டது உங்களுக்கு வந்திருக்காது. வரவும் வேண்டாம்.

சுவரில் ஏறாத படம்

டீச்சரின் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் படமோ இன்னும் பீரோவுக்குள்தான். நினைவு ஜெபத்துக்குச் சபையார் வரும்போது சுவர் வெறுமையாக இருக்கக்கூடாதென்று பிள்ளைகள் வற்புறுத்த, தங்கச் சட்டத்தில் திராட்சைக் கொடி வரையச் சொல்லி டவுனிலுள்ள என் கடைக்கு டீச்சர் வந்தார். இத்தனை நாள் ஏன் மாட்டவில்லை என்று வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

"மாட்டிட்டா அவுக இல்லன்னு ஆயிரும்லா, தம்பி" என்றார்.

வலது கீழ் மூலை

மூன்று மூலைகளில் கொடி அழகாக ஓடியது. வலது கீழ் மூலையில் மட்டும் பச்சை விலகி, ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தங்கம் பளிச்சென்று நின்றது. துடைத்து, சாக்பீஸ் பொடி தடவி, மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே கதை. கோபம் தலைக்கேற, ரேக்கு ஒட்டித் தரும் சுடலையைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தேன்.

அவன் அந்த மூலையைச் சுரண்டிவிட்டு, என் கண்முன்னாலேயே பிரஷ்ஷால் புது ரேக்கு ஒட்டினான். யாரும் தொடவில்லை. இலை வரைந்தேன். பட்டப்பகலில், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை பைய விலகியது. ரேகையோடு அதே விரல். சுடலை தன் கட்டைவிரலை அதற்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். என்னுடையதையும் பிடித்துப் பார்த்தான்.

"இது நம்ம ரெண்டு பேரு வெரலும் இல்ல, அண்ணாச்சி. நான் வாரேன்" என்று செருப்பை மாட்டினான்.

டீச்சர் பார்த்தது

ஜெபத்துக்கு முந்தின நாள் டீச்சர் வந்தார். திட்டு வாங்கத் தயாராகி மூலையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சுவரில் எது சாய்ந்திருந்தாலும் கணவருக்குப் பொறுக்காதாம். காலண்டரோ வசன அட்டையோ, போகிற போக்கில் வலது கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து நேராக்கிவிட்டுத்தான் போவாராம்.

"அங்கன இலை வேண்டாம், தம்பி. அவுகளுக்கு இருக்கட்டும்" என்றார்.

சாய்த்து வைத்த படம்

அடுத்த மாதம் மார்க்கெட்டில் டீச்சரைப் பார்த்தேன். படம் சுவரில் ஏறியதா என்று கேட்கப் பயம், ஆனாலும் கேட்டேன். அவர் முகத்தில் புதுப்பெண் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"படுக்கப் போகையில வேணும்னே சாய்ச்சு வைக்குதேன், தம்பி. காலையில நேரா இருக்கு" என்றார்.

இப்போதெல்லாம் எந்தப் போட்டோச் சட்டம் வந்தாலும் வலது கீழ் மூலையில் ஓர் இலையைக் குறைத்தே வரைகிறேன். வருகிறவர் கை வைக்க இடமும் ஆச்சு, என் பெயின்டும் தப்பிச்சாச்சு.