பரமேஸ்வரன் கையில் ஆயிரத்து நூறு தீர்ப்புகள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கேரி தீவுத் தோட்டப் பள்ளியில் அதற்கு மேல் என்னைப் பிடித்து வைக்க யாராலும் முடியவில்லை. இன்று கிள்ளானில் ரெங்கசாமி என்று என் பெயர் எழுதிய லோரிகள் ஒன்பது ஓடுகின்றன. ஆளைப் பார்த்ததும் எடை போடுவதில் என்னை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அப்படி நான் சரியாக எடை போட்ட ஒருவர்தான் பரமேஸ்வரன்.

கிள்ளானில் ஒரு வழக்கறிஞரிடம் இருபத்தாறு வருடம் கோப்பு எழுதும் கிராணியாக இருந்தார். சாலை விபத்து வழக்குகள்தான் அங்கே வேலை. அதிலும் எப்போதும் இன்சூரன்ஸ் பக்கம், அதாவது என்னைப் போன்ற லோரிக்காரர்கள் பக்கம். வழக்கறிஞர் இறந்ததும் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். ஐம்பத்தொரு வயதில் பரமேஸ்வரன் காப்பாரில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியாக நின்றார். சும்மா நிற்கவில்லை. ஓய்வு நாட்களில் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலேறிப் போய்ப் புள்ளிவிவர மென்பொருள் படித்தார். அதைப் பார்த்து, விபத்துத் தீர்ப்புகளை ஆராயும் ஒரு பல்கலைக்கழகக் குழு அவரைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. காவல் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் இடம் போதாது என்றார். என் அலுவலக மாடியில் மேசையும் ஏர்கோனும் போட்டுக் கொடுத்தேன். வேறு யார் கொடுப்பார்கள்?

வேலை இதுதான். ஆயிரத்து நூறு தீர்ப்புகள். ஒவ்வொன்றையும் படித்து ஒரு வரியாகச் சுருக்க வேண்டும். எந்தக் கோர்ட், என்ன தேதி, என்ன வண்டி, யார் மேல் எத்தனை விழுக்காடு தவறு, வென்றது யார் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மென்பொருளுக்குத் தீர்ப்பைப் படிக்கத் தெரியாது, கட்டங்களைத்தான் எண்ணும். கட்டம் தப்பினால் எல்லாமே தப்பு.

அதனால் குழுவில் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் முடித்ததும், அதில் நூறு தீர்ப்புகளை விஷ்ணுப்ரியா என்ற பெண், இவர் எழுதியதைப் பார்க்காமல், ஷா ஆலமில் உட்கார்ந்து தனியாக நிரப்புவார். நூறில் குறைந்தது எண்பது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனதோ அறுபத்திரண்டு. குழுத் தலைவி டாக்டர் வசுந்தரா ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். பரமேஸ்வரன் திரும்பவும் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அவருக்குக் கோபம். ஒத்துப்போகாத முப்பத்தெட்டும் ‘வென்றது யார்’ என்ற கட்டத்தில்தான். விழுக்காட்டில் ஒரு பிசகும் இல்லை. அந்தப் பெண் கோர்ட் வாசலையே மிதித்திருக்க மாட்டாள் என்று என்னிடம் பொரிந்து தள்ளினார். மூன்று நாள் அப்படியே போனது.

நான்காம் நாள் மத்தியானம், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு மாடிக்குப் போனேன். முகம் தொங்கிப் போயிருந்தது. ஆளைத் தெம்பாக்கலாம் என்று என் பழைய கேஸ் ஒன்றை எடுத்துவிட்டேன். மேரு சாலையில் என் லோரியும் ஒரு மோட்டார்சைக்கிளும் மோதிய கேஸ்.

“முழுத் தப்பும் நம்ம மேலன்னு வந்தான். ஜட்ஜ் அறுபதுதான் போட்டாரு. நாம ஜெயிச்சோம்லா பரம். உங்க பாஸ் அன்னிக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டாரே.”

பரமேஸ்வரன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“அண்ணே, கேஸ் போட்டது யாரு?”

“அந்த மோட்டார்காரன்தான்.”

“அவனுக்கு நஷ்ட ஈடு கெடச்சுச்சுல்ல?”

“கெடச்சுச்சு.”

“அப்போ ஜெயிச்சது அவன்தானே. நாம இல்லையே.”

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக நான் வென்றதாகச் சொல்லிவந்த கேஸ் அது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கணினிப் பக்கம் திரும்பிவிட்டார். இருபத்தாறு வருடமும் லோரியின் பங்கைக் குறைத்தாலே வெற்றி என்று கோப்பில் எழுதிப் பழகிய கை. அதே கை இங்கேயும், பாதி நஷ்ட ஈடு வாங்கியவனைத் தோற்றவன் என்று எழுதியிருக்கிறது.

முதல் வேலையாக விஷ்ணுப்ரியாவுக்குப் போன் போட்டார்.

“தப்பு உங்க மேல இல்லம்மா. நான்தான் இன்சூரன்ஸ் கண்ணாலயே படிச்சிட்டேன்.”

“அப்பாடா. ரெண்டு நாளா எனக்குத்தான் தீர்ப்பு படிக்கத் தெரியலன்னு நெனச்சிட்டு இருந்தேன் அங்கிள்.”

விழுக்காடு சரியாக இருந்ததால் திருத்தம் சுலபம். மென்பொருளுக்கு ஒரே ஒரு கட்டளை எழுதினார். எதிர்த்தரப்பு மேல் கொஞ்சமாவது தவறு விழுந்த வழக்கில் வென்றது கேஸ் போட்டவர். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் கண் இமைப்பதற்குள் மாறின. அதை அப்படியே நம்பி அனுப்புகிற ஆள் அவர் இல்லை. இரவும் பகலும் கண் விழித்து, நானூற்றுப் பன்னிரண்டு தீர்ப்புகளையும் மறுபடி திறந்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். தவறு எப்படி நேர்ந்தது என்று ஒரு பக்கம் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு அனுப்பினார். பெயர் எதற்கு என்று நான் தடுத்தும் கேட்கவில்லை.

இந்த முறை வேறு நூறு தீர்ப்புகளை எடுத்துச் சோதித்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் வசுந்தரா அழைத்தார். பரமேஸ்வரன் எழுந்து நின்றுதான் பேசினார். “சரிங்க டாக்டர்” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தொண்ணூத்தி நாலுண்ணே. புதுசா இன்னொரு அறுநூறும் எனக்கே அனுப்புறாங்களாம்.”

மனைவி லோகேஸ்வரிக்கு இரண்டு வார்த்தையில் செய்தி சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்தவர், அப்படியே தூங்கிவிட்டார். ஒரு வாரத் தூக்கம். நான் பேசினால் துறைமுகம் வரைக்கும் கேட்கும் என்று என் டிரைவர்கள் கேலி செய்வார்கள். எனக்குப் போன் வந்தபோதெல்லாம் கீழே இறங்கிப் போய், லோரி மறைவில் நின்று பேசினேன்.