உபயதாரர் கேட்ட கதை

பர்மாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காடு மலையெல்லாம் நடந்தே தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை, திருத்தணி ஸ்டேஷனுக்குப் பின்னால் கீற்றுக் குடிசைகளில் குடி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அரிசி கொடுத்தார்கள், பழைய துணி கொடுத்தார்கள். நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருநாள் அங்கே போனால், மிளகாய் கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து நாலு பேர் முறை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்குப் பொறுக்கவில்லை. இவர்களுக்கு ஒரு இலவச வாசகசாலை வைத்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன். முதலில் கிளம்பிவிட்டு அப்புறம் யோசிக்கிற புத்தி எனக்கு.

வீடு வீடாகப் போய்ப் புத்தகம் கேட்டேன். அடேயப்பா, எங்கள் ஊரின் தாராளத்தை என்னவென்று சொல்ல! காலம் முடிந்த பஞ்சாங்கங்கள் வந்தன. கரையான் பாதி படித்து முடித்த வைத்தியப் புத்தகம் வந்தது. கொடுத்த ஒவ்வொருவரும், கோயில் விளக்கில் எழுதுகிற மாதிரி "உபயம்" என்று போட்டுத் தன் பெயரை எழுதச் சொன்னார். பஞ்சாங்கம் கொடுத்த புண்ணியவான் பக்கத்துக்குப் பக்கம் எழுதச் சொன்னார்.

எல்லாரிலும் பெரிய உபயதாரர் அரிசி மண்டி முதலாளி. குடிசைகளை ஒட்டிக் காலியாகக் கிடந்த தவிட்டுக் கொட்டகையைக் கொடுத்தார். மச்சானின் பெட்டியிலிருந்து தடித்த நாவல் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டோம். தினமும் சாயங்காலம் வந்து பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஆங், என் புஸ்தகத்தைப் படிங்க. சத்தமாப் படிங்க. ஒழுங்காப் படிக்கிறீங்களான்னு நான் பாக்கணுமில்ல?" என்பார்.

குடிசைப் பெண் ஒருத்திதான் படிப்பாள். என் வயதுதான் இருக்கும். ரங்கூனில் பள்ளிக்கூடம் போனவள், கணீரென்ற குரல். நடந்து வந்த வழியில் அவளுடைய ஐந்து வயதுப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அவனைக் காட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்களோடு நடந்திருக்கிறாள். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை, உலை வைப்பதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கோயிலில் உபயதாரர் என்றால் அலங்காரம் எப்படி, பிரசாதம் என்ன என்றெல்லாம் சொல்கிற உரிமை உண்டு. அந்த உரிமை நாவலுக்கும் உண்டென்று முதலாளி நினைத்துவிட்டார். கதையில் மாமியார் மருமகளுக்குப் பழைய சோறு போட்டால், "என் உபயத்துல பழைய சோறா? சுடுசோறு போடச் சொல்லு!" என்று கத்துவார். அந்தக் குடும்பத்தின் வீடு ஏலத்துக்கு வந்த அன்று எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா டீச்சர், இத்த எழுதினவன் யாரு? கூப்பிடு அவனை!"

"அவர் செத்துப்போய் ரொம்ப நாளாச்சுங்க."

"செத்தா இன்னா? புள்ளகுட்டி இல்லியா அவனுக்கு?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் அந்த வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. முன்பே படித்தவள் நான். அடுத்த அத்தியாயத்தில் அவன் செத்துப்போவான். "இன்னிக்கு நான் படிக்கிறேனே," என்றேன்.

"நீ படிச்சா கணக்குப் பாடம் மாதிரி இருக்குது. அந்தம்மாவே படிக்கட்டும்," என்றார் முதலாளி. "ஒண்ணு சொல்லிட்டேன். என் பேர் போட்ட புஸ்தகத்துல கொழந்த கிழந்த செத்துதுன்னு வச்சிக்கோ, நாளைக்கே கொட்டாயை இழுத்துப் பூட்டிடுவேன்!"

கொட்டகை எக்கேடோ கெடட்டும், எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் புத்தகத்தைப் பிரித்தாள். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படித்தாள். விடியும்போது பையனுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். தொட்டுக்கொள்ளக் கருவாடு கேட்டான். கதை நடப்பதோ பூண்டுகூடச் சேர்க்காத குடும்பத்தில்! ஆயுசில் கருவாட்டு வாடை படாத முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டு, "குடும்மா, கருவாடு குடு! புள்ள ஆசையாக் கேக்குதில்ல?" என்றார்.

அன்றிலிருந்து அவன் எல்லா அத்தியாயத்திலும் வந்தான். பல் விழுந்தது. வாத்தியாரிடம் அடி வாங்கினான். "பையனுக்குச் சட்டை தைச்சாச்சா?" என்று குடிசைக்காரர் ஒருவர் கேட்டால், அவள் பக்கத்தைத் திருப்பி, "தைச்சாச்சு, நீலச் சட்டை," என்று படிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால், அங்கே ஏல வழக்கில் வக்கீல் பேசிக்கொண்டிருப்பார். குடிசைக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கைச் சிந்திச் சமாளிப்பேன்.

கதை முடிந்த சமயத்தில் புதுக்கோட்டையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி, "மொதல்லருந்து படி," என்று என்னிடம் புத்தகத்தை நீட்டினார். படித்தேன். எனக்கு இட்டுக்கட்ட வராது, அச்சில் இருப்பதுதான் வாயில் வரும். காய்ச்சலும் சாவும் வருகிற அத்தியாயங்களை மட்டும் தாண்டிப் போனேன்.

"நில்லு நில்லு. பையன் எங்க?"

அவர் புத்தகத்தைப் பிடுங்கி, விரலை எச்சில் பண்ணிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "இதுலதானே இருந்தான்? அந்தம்மா படிச்சப்போ தெனம் வந்துகினு இருந்தானே!"

"அந்தம்மா ஊருக்குப் போனாங்க இல்லீங்களா," என்றேன். "கூடவே கூட்டிக்கினு போயிட்டாங்க."

அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதானே," என்றார். "பெத்தவ வுட்டுட்டா போவா?"