எட்டிப் பார்க்க விடாத கிணறு

1959 ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. என் தாய்மாமன் காளிச்சாமி தகரப்பெட்டியோடு ஊரை விட்டுக் கிளம்பினார். பெருந்துறை போய்க் காங்கேயம் பஸ் பிடிக்க வாய்க்கால் கரை வழியாகத்தான் நடந்தார். அங்கே குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அவருடைய அக்கா, என் அம்மா ராமாத்தாள், தலை நிமிரவில்லை.

அதே வருடம் நானும் கிளம்பினேன். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலைக்காகச் சென்னை, பம்பாய், மலாயா. ஆறு வருடம் கழித்துத் திரும்பியபோது காங்கேயத்தில் மாமா வீட்டில்தான் தங்கினேன். நடந்ததை அவர் வாயால் கேட்டது அப்போதுதான்.

மாமாவுக்கு மலேரியா ஆபீசில் வேலை. தேங்கிய தண்ணீரை நீண்ட காம்பு வைத்த கரண்டியால் மொண்டு, வெள்ளைத் தட்டில் ஊற்றி, கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பார். நெளிந்தால் ஊர்ப்படத்தில் சிவப்புப் புள்ளி, இல்லையென்றால் வெறும் வட்டம். கீழ்பவானி வாய்க்கால் வந்த புதிது. கசிவுக் குட்டைகளிலும் மாட்டுக் குளம்புப் பள்ளங்களிலும் தண்ணீர் நின்றது. கூடவே குளிர்காய்ச்சலும் வந்தது. மாமா உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. கையில் சோற்றுருண்டையோடு அடுத்த குட்டைக்கு நடப்பார்.

எங்கள் ஊர்ப்படம் முடிந்தபோது சிவப்பெல்லாம் எங்கள் தெருப் பக்கமே விழுந்திருந்தது. மேலத் தெருவில் புள்ளியும் இல்லை, வட்டமும் இல்லை. அங்கே பெரிய வீட்டுக்காரர் சுந்தரராஜுலுவின் படிக்கிணறு இருந்தது. எங்கள் ஆட்கள் அதன் படியில் கால் வைக்கக் கூடாது. மாமாவின் சர்க்கார் கரண்டிக்கும் அதே சட்டம்தான்.

வாசலில் நின்று கேட்டுப் பார்த்தார்.

"ஏப்பா காளி, நாங்க குடிக்கற தண்ணியில புழுவா? உங்க தெருவுல பாத்தது பத்தலையா?" என்றார் சுந்தரராஜுலு.

பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்த மாமாவின் மேலதிகாரி, மலேரியா இன்ஸ்பெக்டர் வரதராஜுலு சிரித்தார். அவர் இறங்கிப் பார்த்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

படத்தில் வெற்றிடம் என்றால் ஆபீசில் சுத்தம் என்று அர்த்தம். அதனால் கொசுப்புழுவைக் கொல்ல ஊற்றும் மருந்தெண்ணெய் எங்கள் கிணற்றுக்கு மட்டும் வந்தது. தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் நாறியது. பெண்கள் குடத்தோடு வாய்க்காலுக்கு நடந்தார்கள். காய்ச்சலும் விட்டபாடில்லை.

அம்மா தெருவில் நின்று கேட்டாள்: "ஊரான் கெணத்த எட்டிப் பாக்கத் தெகிரியமில்ல. அக்கா கெணத்துல புழு பொறுக்கறதுக்கா உனக்குச் சர்க்கார் சம்பளம்?"

அது மாமாவைத் தைத்துவிட்டது. மறுசுற்றுக்குப் படத்தைப் புதுப்பித்தபோது, படிக்கிணறு இருக்கும் இடத்தில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'பார்க்க விடவில்லை' என்று எழுதினார். அப்படியொரு குறியே கிடையாது, அழி என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாத்தா வட்டமோ புள்ளியோ போடறனுங்க. பாக்காம எதைப் போடறதுங்க?" என்றாராம் மாமா.

காங்கேயத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

காங்கேயத்திலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்த ஊருக்குப் படம் போட்டாலும் நினைப்பு எங்கள் ஊருக்கே ஓடியது. அந்தக் குறியை அழித்துவிட்டார்களா, யாராவது இறங்கிப் பார்த்தார்களா? கேட்கலாமென்றால் அக்கா பேசுவதில்லை. மாமாவை விட்டு ஊருக்குப் போக மனசில்லாமல் நானும் பெட்டியைப் பிரிக்காமல் அங்கே கிடந்தேன். சாயங்காலமானால் இருவரும் ரோட்டோரம் நடப்போம். எங்கே தொடங்கினாலும் பேச்சு அந்தக் கிணற்றில் போய் நிற்கும்.

"நாமளே போய்ப் பாத்துட்டு வரலாங்க மாமா," என்றேன் ஒருநாள்.

"எந்தப் படியில எறங்குவ, அம்மணி?" என்றார்.

அந்த மார்கழியில் ஒரு கார்டு வந்தது. அம்மா சொல்லச் சொல்ல வாத்தியார் அப்படியே எழுதியிருந்தார்:

"காளிக்கு. புதுசா வந்த ஆபீசர் பெரிய ஊட்டுக் கெணத்துல தானே எறங்கிப் பாத்துப்போட்டார். புழு நெளியுதாம். அங்கயும் எண்ணெய் ஊத்திப்போட்டாங்க. இப்ப அவங்க ஊட்டு ஆளுகளும் கொடத்தத் தூக்கிட்டு எங்களுக்குப் பின்னால வாய்க்காலுக்கு வருது. நம்ம கெணத்துக்கு ஊத்தறதையும் இன்னும் நிறுத்தல. உன்னைத் திட்டுனது திட்டுனதுதான். பொங்கலுக்கு வா. வாரப்ப குடிக்கத் தண்ணி கொண்டாந்துரு."