தங்கப் புள்ளி இல்லாத மூன்று ஸ்லைடுகள்

1. ஒரே படம்

மூன்றாவது ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டில் பார்த்த அதே படம். மூன்று ஆட்கள், மூன்று பாட்டில். மூன்றிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி கெட்டுப்போன செல்கள்.

2012-ஆம் ஆண்டு. ஒரகடம் பக்கம் பெயின்டுக்கு நிறப் பவுடர் கலக்கும் ஒரு கம்பெனிக்கு வருடாந்திர மெடிக்கல் செக்கப் எங்கள் லேப்தான் செய்தது. நான் அங்கே சீனியர் டெக்னீசியன். சில சாயப் பவுடர்களோடு வருடக்கணக்கில் புழங்கினால் மூத்திரப்பையில் புற்றுநோய் வரலாம் என்பதால் யூரினையும் பார்ப்போம். முதல் நாளே பாட்டிலைக் கொடுத்துவிடுவோம். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வரும்போது பிடித்துக்கொண்டு வருவார்கள்.

சந்தேகமான செல் தெரிந்தால் அடுத்தது ஃபிஷ் டெஸ்ட். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களில் நிறம் ஒட்டவைத்து இருட்டறையில் பார்ப்போம். சிவப்பு, பச்சை, நீலம், தங்கம் என்று புள்ளிகள் மின்னும். நல்ல செல்லில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு இருக்கும். இந்த மூன்று ஸ்லைடிலும் சிவப்பு நான்கு, பச்சை மூன்று, நீலம் மூன்று. தங்கம் ஒன்றுகூட இல்லை. அதாவது ஒன்பதாம் குரோமோசோமில் ஒரு துண்டையே காணோம்.

எங்கள் டாக்டர் என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "ஒரே சாம்பிளை மூணு ஸ்லைட்லயும் ஊத்திட்டீங்களாம்மா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மிச்சமிருந்த யூரினில் அவர் கண்ணெதிரிலேயே மறுபடி செய்து காட்டினேன். அதே படம். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கேன்சர் ஒவ்வொருத்தர் உடம்புலயும் ஒவ்வொரு விதமா உடையும்மா. மூணு பேருக்கு இப்படி ஒண்ணுபோல உடையாது. இது ஒரே ஆளோட யூரின்."

2. வாய் திறக்காதவர்கள்

மூன்று பேரையும் லேபுக்கு வரவழைத்தோம். தெற்கத்திப் பையன்கள், டிரெய்னிகள், மண்ணூரில் ஒரே ரூமில் குடியிருப்பவர்கள். எங்கள் பாத்ரூமிலேயே யூரின் பிடித்துத் தரச் சொன்னோம். மூன்றும் சுத்தம். அப்படியென்றால் வேறு யார் உடம்பிலோ புற்று வளர்கிறது, அது யாரென்று இவர்களுக்குத் தெரியும். கேட்டால் தரையைப் பார்த்தார்கள்.

"எங்களோடதுதான் மேடம்" என்றான் இசக்கி. மூவரில் கொஞ்சம் வாயுள்ளவன் அவன்தான்.

"அடப்பாவிகளா! உங்க வேலையப் பத்தி நான் கேக்கலடா. அந்த ஆளு செத்துப்போயிருவான்டா!"

அவன் முகம் கோணி அழுகை வந்துவிட்டது. "முந்தின நாள் சரக்கு போட்டிருந்தோம்க்கா. மூத்திரத்துல தெரிஞ்சிரும், வேலையில கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்கன்னு பசங்க சொன்னாங்க. ரூம்ல ஜெபமணி அண்ணன் மட்டும்தான் குடிக்க மாட்டாவ. கெஞ்சினோம், குடுத்தாவ."

"அவரும் உங்க கம்பெனியா?"

"பவுடர் செக்ஷன்ல மூட்டை பிரிச்சுக் கொட்டுதாவ. கான்ட்ராக்ட்."

செக்கப் கம்பெனி ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், இருப்பவர்களுக்கு மட்டும்தான். பவுடரில் முங்கி எழுகிறவர் அந்த ரோலில் இல்லை. எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை.

3. ஜெபமணி

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் வந்ததும் ரூமில் போய்ப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர். மீசை முளைக்கும் முன்பே கரூர்ப் பக்கம் சாயப்பட்டறைக்குப் போனவர். இங்கே வந்தும் அதே தூசிதான்.

"யூரின்ல ரத்தம் போயிருக்காண்ணா?"

"அப்பப்ப செவப்பாப் போவும்மா. சூடுன்னு எளநி குடிச்சேன். வலி ஒண்ணும் இல்லியே." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பயலுவ வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

நான் வெளியே வந்து அழுதேன்.

டாக்டர் பையன்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் லேபில் புதிதாகக் கொடுத்த சாம்பிளின் முடிவையே கம்பெனிக்கு எழுதி அனுப்பினார். ஜெபமணியைச் சென்னையில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கட்டி சதை வரை இறங்கியிருந்தது. மூத்திரப்பையையே எடுத்தார்கள். அதற்குள் வெளியேயும் பரவிவிட்டது. அடுத்த ஈஸ்டரை அவர் பார்க்கவில்லை. பையன்கள்தான் லீவு போட்டு ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள்.

பவுடர் செக்ஷன் சூப்பர்வைசரிடம் போய், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் டெஸ்ட் எடுங்கள் என்று மல்லுக்கட்டினேன்.

"இன்னா மேடம் நீங்க, அவங்க இன்னிக்கி கீறாங்க, நாளிக்கி வேற கம்பெனிக்குப் பூடுவாங்க. ரோல்ல இல்லாதவனுக்கு யாரு பில் பாஸ் பண்றது?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்களும் அதையேதான் நல்ல இங்கிலீஷில் சொன்னார்கள்.

இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. அந்தப் பையன்கள் யோக்கியமாகத் தங்கள் யூரினையே கொடுத்திருந்தால், ஜெபமணி என்று ஒருவர் இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தும் என்ன, காப்பாற்ற முடியவில்லை.

4. அடுத்த கேம்ப்

மறுவருடம் உஷாராகிவிட்டோம். செக்கப் கேம்பிலேயே பாட்டிலைக் கையில் கொடுத்து, பாத்ரூம் வாசலில் நின்று வாங்கினோம். இசக்கி வந்தான். கன்ஃபர்ம் ஆகியிருந்தான். தன் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு நகராமல் நின்றான். பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிய இன்னொரு பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில் நீட்டினான்.

"இப்ப ஜெபமணி அண்ணன் நின்ன எடத்துல நிக்கறவரோடதுக்கா. ரோல்ல இல்ல. என் பேர்லயே பாத்துருங்க."

அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்ற இருவர் கையிலும் சாப்பாட்டுப் பை இருந்தது.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, பாட்டிலில் இருக்கும் பெயரும் ஆளும் ஒன்றுதானா என்று பார்ப்பது. அதில் தப்பு நடந்தால் ஒரு உயிர் போகும். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்த இரண்டாவது பாட்டிலை வாங்கி, லேபிளில் என் கையாலேயே எழுதி ஒட்டினேன்: இசக்கி.